ஏறக்குறைய எவ்வளவு?

(பாஞ்சாலங்குறிச்சியில் நடைபெற்ற இலக்கிய வட்டப் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரைக் கேட்டவுடன் வாளும் வேலும் பீரங்கியுமே நெஞ்சில் தோன்றும். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய மண்கோட்டை அவ்வாண்டே வீழ்ந்ததும் இம்மண்ணில் அறியாதார் இலர். ஆயின் இக்கோட்டைக்குக் கிழக்கே விரியும் கடற்கரை மற்றொரு கருவியாலும் பெயர் பெற்றது. அக்கருவி ஓசையெழுப்பாதது, குருதி சிந்தாதது, எனினும் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வையும் தாழ்வையும் அது தீர்மானித்திருக்கிறது. முத்து நிறுக்கும் துலாக்கோலே அது.

இன்று இவ்வவையில் எடுத்துக்கொள்ளப்படும் பொருள் அறிவியல் ஆய்வகத்தைச் சார்ந்தது. ஒரே பொருளை ஒருவரே பன்முறை அளக்கும்போது ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட விடை கிடைப்பது ஏன்? அவ்வேறுபாட்டை என்ன செய்வது? மறைப்பதா, எழுதி வைப்பதா? இலக்கிய அவையில் இவ்வினாவிற்கு என்ன வேலை என்று தோன்றலாம். கொற்கை முத்தைப் பாடிய மொழி, அம்முத்தை நிறுத்த மொழியும் ஆகும். நிறுத்தவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டையே, ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களும் எதிர்கொண்டனர். எனவே இது நமக்கு அயலான பொருளன்று.

முத்தும் வர்க்கமும்

தூத்துக்குடி முத்துச் சந்தையில் விலை மதித்த முறை நுணுக்கமானது. முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துகள் அரிக்கப்பட்டன. அச்சல்லடைகளில் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 துளைகள் இருந்தன. துளை மிகுந்தால் அதன் அகலம் குறையும். ஆகவே பருமுத்து முதற் சல்லடையிலேயே தங்கும். இவ்வாறு அளவு பிரித்தபின், வடிவும் ஒளியும் நோக்கி ஆணி முதல் தூள் வரை தரம் பிரித்தார்கள். அதன் பின்னரே துலாக்கோல் வந்தது.

நிறையின் அலகு மஞ்சாடி. நிறுத்துக் கண்ட மஞ்சாடியின் வர்க்கத்தை எடுத்து, அதில் முக்காற் பங்கைக் கொண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது செவ்வு. செவ்விற்கே விலை பேசப்பட்டது. நான்கு மஞ்சாடி நிறையுள்ள ஒரு முத்திற்குப் பதினாறின் முக்காற் பங்காகிய பன்னிரண்டு செவ்வு. இரு முத்துகள் சேர்ந்து நான்கு மஞ்சாடி இருந்தால் ஆறு செவ்வுதான். சிறு முத்துகள் பல சேர்ந்தும் ஒரு பெருமுத்தின் மதிப்பை எட்டா என்ற சந்தையறிவு இக்கணக்கிற்குள்ளேயே அமைந்திருக்கிறது.

இங்குதான் அளவையின் அறம் தொடங்குகிறது. நிறையின் வர்க்கத்தை எடுப்பதால் நிறையில் நேரும் பிழை விலையில் ஏறத்தாழ இருமடங்காகிறது. மேற்சொன்ன நான்கு மஞ்சாடி முத்தைக் கோல் 3.8 எனக் காட்டினால் செவ்வு 10.83, 4.2 எனக் காட்டினால் 13.23. நிறையில் நூற்றுக்கு ஐந்து பிசகினால் விலையில் நூற்றுக்குப் பத்துப் பிசகுகிறது. மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவரின் கூலி இந்தச் சிறு அசைவில் ஏறவோ இறங்கவோ கூடும். துலாமுள் நடுங்குவது கோலின் இயல்பு. அந்நடுக்கம் எப்போதும் ஒருவர் பக்கமே சாய்ந்தால் அது அநீதி.

பத்து முறை நிறுத்தல்

ஆய்வகத்தில் ஒரு முத்தைப் பத்து முறை நிறுப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் முத்தை எடுத்து, கோலைச் சமன்படுத்தி, மீண்டும் வைத்து நிறுக்க வேண்டும். மில்லிகிராமில் கிடைத்த அளவுகள் 812, 814, 811, 813, 812, 815, 812, 811, 813, 812 என்று இருக்கட்டும். முத்து மாறவில்லை, நிறுப்பவரும் மாறவில்லை, ஆயினும் எண்கள் மாறுகின்றன. காற்றின் சிறு அசைவு, தட்டில் முத்து அமர்ந்த இடம், முள்ளைக் கண் நோக்கிய கோணம், அறையின் வெப்பம் ஆகிய சிறு காரணங்கள் பல கூடியும் கழிந்தும் இம்மாறுபாட்டைத் தோற்றுவிக்கின்றன.

இவற்றின் சராசரி 812.5. சராசரியிலிருந்து ஒவ்வோர் அளவும் எவ்வளவு விலகியது என்பதைக் கணக்கிட்டு, அவ்விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, ஒன்று குறைந்த எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் திட்ட விலக்கம் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 1.3 மில்லிகிராம். ஒரு தனி அளவு வழக்கமாக எவ்வளவு தடுமாறும் என்பதை இது உரைக்கிறது. பத்து அளவுகளின் சராசரியோ அதனினும் உறுதியானது. அளவுகள் ஒன்றையொன்று சாராதிருந்தால், சராசரியின் தடுமாற்றம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். ஆகவே இங்கே அது ஏறத்தாழ 0.4 மில்லிகிராம்.

வர்க்கமூலம் என்பதால் இதில் ஒரு கடுமையும் உண்டு. தடுமாற்றத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு முறை அளக்க வேண்டும்; பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு முறை அளக்க வேண்டும். உழைப்பு பெருகும் வேகத்தில் உறுதி பெருகுவதில்லை.

ஒற்றுமை வேறு, உண்மை வேறு

ஆயிரம் முறை அளந்தாலும் நீங்காத பிழை ஒன்று உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பளம் சூழ்ந்த இப்பகுதியில் அது மிகுதி. துலாத்தட்டு ஒன்றில் உப்பு படிந்து, ஈரத்தை உறிஞ்சி, ஐந்து மில்லிகிராம் கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது பத்து அளவுகளும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். பத்தும் ஐந்து மில்லிகிராம் தவறாகவே இருக்கும். சராசரி எடுப்பதால் இப்பிழை சிறிதும் குறையாது. மாறாக, எண்களின் ஒற்றுமையைக் கண்டு மனம் ஏமாறும்.

அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதை நம் பாடநூல்கள் நுட்பம் என்கின்றன. அளவு உண்மை மதிப்பை நெருங்கி நிற்பதைத் துல்லியத்தன்மை என்கின்றன. பேச்சு வழக்கிலோ இரண்டையும் துல்லியம் என்ற ஒரே சொல்லால் கூறிவிடுகிறோம். கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு பொருளுக்கு ஒரே சொல் இருந்தால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்பது எளிதாகிவிடும். ஒற்றுமையைக் காட்டி உண்மையை விற்றவர் சந்தையில் மட்டுமா இருக்கின்றனர்?

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். கோலின் இரு செயல்களை அவர் வரிசைப்படுத்திக் கூறுவது கருதத்தக்கது. முதலில் கோல் தன்னைச் சமன்செய்து கொள்கிறது. அதன் பின்னரே பொருளை எடைபார்க்கிறது. இன்றைய ஆய்வகத்தில் எந்த மாணவர்க்கும் முதலில் கற்பிக்கப்படும் சுழித்திருத்தம் இதுவே. தட்டு வெறுமையாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பாராமல் நிறுத்தவர் எத்தனை முறை நிறுத்தாலும் பயனில்லை.

தஞ்சைக் கல்லில் ஒரு நேர்மை

அளவையில் ஐயம் எழும் இடங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் கோயிலுக்கு அளித்த அணிகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற அலகுகளில் குறிக்கின்றன. எந்த எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்பதையும் அவை சொல்கின்றன. பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். மணியும் முத்தும் பதித்த அணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். நிறையில் சரடும் சட்டமும் அரக்கும் உட்பட்டிருந்தால் அதனையும் மறவாமல் பொறித்தனர். முத்துகளையும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனப் பல பெயரிட்டுப் பிரித்தனர்.

கல்லின் பெயரைச் சொல்வதால் என்ன பயன்? பின்னொரு நாளில் வேறொருவர் அதே கல்லால் நிறுத்துப் பார்க்கலாம். விடை மாறினால், கல் மாறியதா, பொருள் மாறியதா என்று கேட்கலாம். அரக்கு உட்பட என்ற குறிப்பு, எண்ணுக்குள் எது கலந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. எண்ணை மட்டும் எழுதியவர் நம்பும்படி கேட்கிறார். கல்லின் பெயரையும் எழுதியவர் சரிபார்க்கும்படி அழைக்கிறார்.

மஞ்சாடி, குன்றி என்பன முதலில் விதைகளே. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி என்பது வாய்பாடு. இயற்கை விதைகள் ஒரே நிறையுடையவை என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. மேலைநாட்டு மணி வணிகரின் காரட் என்ற அலகும் காரப் என்னும் மரத்தின் விதையிலிருந்து வந்ததே. 2006இல் வெளியான ஓர் ஆய்வு அவ்விதைகளை நிறுத்துப் பார்த்தது. பிற மரங்களின் விதைகளைப் போலவே அவையும் நிறையில் வேறுபடுகின்றன என்று கண்டது. ஆனால் மனிதக் கண் ஒத்த விதைகளைத் தேர்ந்தெடுக்க வல்லது என்பதும், அத்தேர்வால் வேறுபாடு பெரிதும் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் புலப்பட்டன. இயற்கை அளித்ததாக நாம் எண்ணிய ஒழுங்கில் ஒரு பகுதி, தேர்ந்தெடுத்தவர் கண்ணின் பயிற்சி. 1907இல் காரட் 200 மில்லிகிராம் என வரையறுக்கப்பட்டபின் விதைக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

மாறுபாடே செய்தியாகும் இடம்

மாறுபாடுகள் எல்லாம் பிழைகளல்ல. முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன், பாரிலிருந்து சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அவற்றிலுள்ள முத்துகளை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கமாக இருந்தது. ஓராயிரம் சிப்பியில் ஓர் ஆணிமுத்து அகப்பட்டால் மதிப்பு மேலே ஏறும். அடுத்த ஆயிரத்தில் அது இல்லையேல் கீழே வீழும். இங்கே கோலின்மேல் குற்றமில்லை. சிப்பிக்குச் சிப்பி வேறுபடுவது கடலின் இயல்பு. திறவாத சிப்பிகளை ஆயிரம் கணக்கில் ஏலம் எடுத்தவர்கள் உண்மையில் இவ்வேறுபாட்டின்மீதே பந்தயம் வைத்தனர். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பு வரிசையோடு தூத்துக்குடியில் அந்த ஏலக் குரல் ஓய்ந்தது.

உப்பளத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உப்புநீரின் செறிவைப் பாமே அளவுகோலால் பார்க்கிறார்கள். கடல்நீர் மூன்று பாகையளவில் உள்ளே வருகிறது. இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதே நீரைக் காலையிலும் நண்பகலிலும் அளந்தால் எண் வேறுபடும். வெப்பத்தால் நீர் விரிவதும், வெயிலால் நீர் வற்றுவதும் கலந்து நிற்கும் வேறுபாடு அது. முன்னது திருத்திக் கொள்ள வேண்டிய பிழை. பின்னது அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவரே நல்ல உப்பு விளைவிப்பார்.

பாஞ்சாலங்குறிச்சியில் பீரங்கி முழங்கிய இருபது ஆண்டுகளுக்குள், சென்னையில் பீரங்கிகள் வேறொரு பணிக்குப் பயன்பட்டன. சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் கோல்டிங்காம் 1820, 1821ஆம் ஆண்டுகளில் கோட்டையிலிருந்தும் பரங்கிமலையிலிருந்தும் வெடித்த பீரங்கிகளைக் கொண்டு ஒலியின் வேகத்தை அளந்தார். ஒளி தோன்றிய கணத்திற்கும் ஓசை கேட்ட கணத்திற்கும் இடைப்பட்ட நேரத்தை நூற்றுக்கணக்கான முறை குறித்தார். வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் போக்கு ஆகியவற்றையும் உடன் எழுதினார். அவர் ஒரே எண்ணை மட்டும் தந்திருந்தால், பருவத்திற்கேற்ப ஒலியின் வேகம் மாறுகிறது என்பது அந்த எண்ணுக்குள் புதைந்துபோயிருக்கும். மாறுபாட்டை மறைக்காமல் எழுதியதால் இயற்கையின் ஓர் உண்மை வெளிப்பட்டது. 1823இல் அவ்வாய்வு இலண்டன் அரசவைக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

மாறுபாட்டைக் குற்றமாகக் கருதினால் நேர்வது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1796இல் கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கெலின், தம் உதவியாளர் கின்னெபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். விண்மீன் கம்பியைக் கடக்கும் நேரத்தை அவர் தலைவரைவிட ஒரு நொடியில் பத்தில் எட்டுப் பங்கு தாமதமாகக் குறித்தார் என்பதே காரணம். பின்னாளில் பெசல் என்ற செருமானிய வானியலறிஞர் இச்செய்தியைப் படித்து, தேர்ந்த நோக்கர்களிடையேயும் இத்தகைய நிலையான வேறுபாடு இருப்பதைக் கண்டார். அவ்வேறுபாட்டை அளந்து திருத்தலாம் என்ற நெறி அதிலிருந்து பிறந்தது. அதற்குள் அவ்வுதவியாளர் வேலையை இழந்துவிட்டார். இருவர் அளவும் மாறுபட்டபோது, பதவியில் உயர்ந்தவர் அளவே சரி என்று கொள்ளப்பட்டது. இத்தகைய முடிவுகள் வானாய்வகங்களில் மட்டும் நிகழ்வன அல்ல.

வேப்பலோடை முத்து

இவ்வூரைப் போலவே ஒட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த வேப்பலோடைக் கடற்கரையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1973ஆம் ஆண்டு அறிஞர் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார். சிப்பிக்குள் சிறு உருண்டை மணி ஒன்றை வைத்தால், சிப்பி அதன்மேல் முத்துப்பூச்சை அடுக்கடுக்காகப் பூசுகிறது. பூச்சின் தடிப்பே முத்தின் தரம்.

அத்தடிப்பை எவ்வாறு அறிவது? முத்தின் விட்டத்திலிருந்து உள்மணியின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கலாம். மணி 3 மில்லிமீட்டர், முத்து 3.6 மில்லிமீட்டர் என்றால் பூச்சு 0.3. ஒவ்வொரு விட்ட அளவிலும் 0.1 மில்லிமீட்டர் தடுமாற்றம் இருந்தால், முத்தின் விட்டத்தில் அது நூற்றுக்கு மூன்றளவே; பெரிதாகத் தோன்றாது. கழித்துப் பாதியாக்கிய பின்னர்த் தடுமாற்றம் ஏறத்தாழ 0.07 ஆகும். 0.3இல் அது நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. பெரிய அளவுகளில் பதுங்கியிருக்கும் சிறு தடுமாற்றம், அவற்றின் சிறிய வேறுபாட்டைக் காணும்போது எழுந்து நிற்கிறது. நாம் விரும்பும் செய்தி பெரும்பாலும் அந்தச் சிறிய வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஏடுகளும் அளவைகளே

இனி நம் துறைக்கு வரலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடு தேடி இத்திருநெல்வேலிச் சீமையின் கவிராயர் இல்லங்களுக்கும் அவர் வந்தார். ஒவ்வோர் ஏடும் மறைந்துபோன மூலத்தை அளந்து எழுதிய ஓர் அளவை எனலாம். எழுதியவர் கை சோர்ந்த இடத்திலும், கண் தவறிய இடத்திலும் பாடம் வேறுபட்டது. ஐயரவர்கள் ஒரு பாடத்தைத் தேர்ந்தார். மற்றவற்றைப் பிரதிபேதம் என்று அடியில் காட்டினார். தேர்ந்த பாடம் அவருடைய சராசரி. பிரதிபேதம் அவர் வெளிப்படுத்திய விலக்கம்.

ஆய்வகத்தின் பெரும் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். ஐந்து ஏடுகள் ஒரே பாடத்தைக் காட்டுகின்றன என்பதால் அது மூலபாடமாகிவிடாது. ஐந்தும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் அவை ஐந்து சான்றுகளல்ல. ஒரே சான்றின் ஐந்து படிகள். உப்பு படிந்த தட்டில் நிறுத்த பத்து அளவுகளைப் போல அவை ஒத்துப்போகும். தனித்து நின்ற ஆறாவது ஏடே உண்மையைத் தாங்கியிருக்கவும் கூடும். சான்றுகளை எண்ணுவதற்கு முன், அவை ஒன்றையொன்று சாராதனவா என்று வினவ வேண்டும். கட்டபொம்மன் கதைப்பாடல்களையும் கும்பினிப் படையினர் எழுதிய குறிப்புகளையும் ஒப்பிடுவோர்க்கும் இவ்வினா இன்றியமையாதது.

தமிழில் ஏறக்குறைய என்ற ஒரு சொல் உண்டு. ஐயத்தையும் சோம்பலையும் மறைக்கும் போர்வையாக அதனைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் ஏறுதலும் உண்டு, குறைதலும் உண்டு. கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அறிவியலார் தம் விடையின் பக்கத்தில் வைக்கும் குறியின் பொருள் முழுவதும் அச்சொல்லில் இருக்கிறது. அதன்பின் ஓர் எண்ணை மட்டும் அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். 812.5, ஏறக்குறைய 0.4 என்று சொல்பவர் தம் அறிவின் எல்லையைக் கைகாட்டி நிற்கிறார். எந்தக் கல்லால் நிறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவரை முழுதும் நம்பலாம்.

முத்தைக் கொணர்ந்தவர் சந்தையில் நிற்கிறார். கோலைப் பிடித்தவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். கொணர்ந்தவர்க்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு: ஏறக்குறைய எவ்வளவு? ஆய்வறிக்கையிடமும், வரலாற்று நூலிடமும், பதிப்பித்த பாடத்திடமும், கவிஞர் தம் சொல்லிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அக்கேள்விக்கு அஞ்சாமல் விடை சொல்லும் எழுத்தை இவ்வட்டம் இனிவரும் ஆண்டுகளிலும் வளர்க்குமாக.